நீர்ப்பறவைகளின் உடற்காப்பும் பறவைக் காய்ச்சலும்

வீட்டுக் கோழியும் வீட்டு வாத்தும் ஒரே புழக்கடையில் வளர்கின்றன. சிந்திய ஒரே தானியத்தைப் பொறுக்கித் தின்கின்றன. ஆயினும் பறவைக் காய்ச்சலை விளைவிக்கும் வைரஸ் இவ்விரண்டையும் ஒருங்கே பற்றும்போது, இவற்றின் கதி ஒன்றாக இருப்பதில்லை. கொடிய வகை வைரஸ் புகுந்த கோழிப் பண்ணையில் சில நாட்களுக்குள் பெரும்பாலான பறவைகள் மாண்டு போகின்றன. அதே வைரஸைப் பெற்ற வாத்துகளுள் பல, பார்வைக்கு நலமாகவே நீந்தியும் மேய்ந்தும் திரிகின்றன. அவ்வாறு திரியும்போதே எச்சத்தின் வழியாகவும் சுவாசக் குழாயின் வழியாகவும் வைரஸை வெளிவிடுகின்றன.

இவ்வேற்றுமைக்குக் காரணம் என்ன என்பது ஆராய்ச்சிக்கூடத்திற்கு மட்டும் உரிய வினா அன்று. “என் வாத்துகள் நன்றாகத்தானே இருக்கின்றன, இவற்றை ஏன் சோதிக்க வேண்டும்?” என்று வளர்ப்போர் கேட்கும்போது விடை கூற வேண்டியவர் கள அலுவலரே. “நோயில்லாத பறவை எவ்வாறு நோயைப் பரப்பும்?” என்று மாணவர் கேட்கும்போது விளக்க வேண்டியவர் ஆசிரியர். இவ்விருவர்க்கும் பயன்படும் வகையில், நீர்ப்பறவைகளின் உடல் இவ்வைரஸை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வைரஸின் இயல்பு

பறவைக் காய்ச்சலை உண்டாக்குவது ‘இன்புளுயன்சா ஏ’ என்னும் வைரஸ். இதன் மரபுப் பொருள் எட்டுத் தனித்தனித் துண்டுகளாக அமைந்த ஆர்.என்.ஏ. ஆகும். வைரஸின் மேற்புறத்தில் இருவகைப் புரதங்கள் முட்களைப்போல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று உயிரணுவைப் பற்றிக்கொள்ள உதவும் ஹீமக்ளுட்டினின். மற்றொன்று, புதிதாகத் தோன்றிய வைரஸ்கள் உயிரணுவை விட்டு வெளியேற உதவும் நியூராமினிடேஸ். முதற் புரதத்தில் 16 வகைகளும் இரண்டாவதில் 9 வகைகளும் பறவைகளிடையே நெடுங்காலமாக அறியப்பட்டுள்ளன. எச்5என்1, எச்5என்8 என்னும் பெயர்கள் இவ்வகைகளின் எண்களைக் குறிப்பனவே.

இந்நோயை 1878-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டில் பெர்ரோன்சிட்டோ என்பவர் கோழிகளின் கொள்ளைநோயாக விவரித்தார். அதற்குக் காரணமான கிருமி இன்புளுயன்சா வைரஸே என்பதை 1955-இல் ஜெர்மானிய அறிஞர் வெர்னர் ஷேஃபர் நிறுவினார். 1961-இல் தென்னாப்பிரிக்கக் கரையோரத்தில் ஆலாப் பறவைகள் மடிந்தபோது, காட்டுப் பறவையிலிருந்து இவ்வைரஸ் முதன்முறையாகப் பிரித்தெடுக்கப்பட்டது. பின்னர் 1970-களில் ராபர்ட் வெப்ஸ்டரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வுகள், காட்டு வாத்துகளின் குடலில் இவ்வைரஸ் செழித்துப் பெருகி எச்சத்துடன் நீர்நிலைகளிற் கலக்கிறது என்பதைக் காட்டின. எச்சத்தில் உள்ள வைரஸ், 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏழு நாட்களும், 4 டிகிரிக் குளிரில் முப்பது நாட்களும் தொற்றும் ஆற்றலை இழக்காதிருந்ததாக அவர்கள் கண்டனர். குளிர்ந்த ஏரி நீர் இவ்வைரஸுக்கு ஏற்ற சேமிப்பிடம் என்பது இதனால் விளங்கும்.

வைரஸ்களுள் மென்வகை, கொடிய வகை என இரு பிரிவுகள் உண்டு. உயிரணுவினுள் புகுவதற்கு முன் ஹீமக்ளுட்டினின் புரதம் ஓரிடத்தில் வெட்டப்பட வேண்டும். மென்வகையில் இவ்வெட்டைச் செய்யவல்ல நொதிகள் குடலிலும் சுவாசக் குழாயிலுமே பெரிதும் உள்ளன. ஆகவே தொற்றும் அவ்விடங்களோடு நின்றுவிடுகிறது. எச்5, எச்7 வகைகளிற் சிலவற்றில் வெட்டப்படும் இடத்தின் அமைப்பு மாறிவிடுகிறது. உடலெங்கும் உள்ள நொதிகளே அதனை வெட்டிவிடுகின்றன. அப்போது வைரஸ் மூளை, இருதயம், கணையம் முதலிய எல்லா உறுப்புகளிலும் பெருகக்கூடும். இதுவே கொடிய வகை.

முதற் காவல்

உடலின் காப்பு முறையை இரு காவல்களாகப் பிரித்து நோக்கலாம். முதற் காவல் பிறவியிலேயே அமைந்தது. எக்கிருமி நுழைந்தாலும் சில மணி நேரத்தில் விழித்தெழுவது. இரண்டாம் காவல் குறிப்பிட்ட கிருமியை அறிந்து, சில நாட்கள் எடுத்துக்கொண்டு, அதற்கென்றே எதிர்ப்பொருள்களை உண்டாக்குவது.

முதற் காவலின் தலையாய கருவி இன்டர்பெரான் என்னும் புரதம். 1957-இல் ஐசக்ஸ், லிண்டன்மான் ஆகிய இருவரும் இதனைக் கண்டறிந்தனர். அவர்கள் சோதனைக்கு எடுத்துக்கொண்டவை கோழிக் கருவின் சவ்வும் செயலிழக்கச் செய்யப்பட்ட இன்புளுயன்சா வைரஸுமே என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. வைரஸ் தாக்கிய உயிரணு இன்டர்பெரானை வெளியிடுகிறது. அது அண்டையிலுள்ள உயிரணுக்களை எச்சரிக்கிறது. எச்சரிக்கை பெற்ற உயிரணுக்கள், வைரஸ் உள்ளே நுழைவதையும் பெருகுவதையும் தடுக்கும் பல புரதங்களை ஆக்கிக்கொள்கின்றன.

ஆனால் உள்ளே வந்திருப்பது வைரஸ்தான் என்பதை உயிரணு எவ்வாறு அறிகிறது? இதற்கெனச் சில உணர்விப் புரதங்கள் உயிரணுவினுள் உலவுகின்றன. அவற்றுள் ஒன்று ‘ரிக்-ஐ’ எனப்படுவது. இன்புளுயன்சா வைரஸின் ஆர்.என்.ஏ. முனையில் உள்ள தனி அடையாளத்தை இது கண்டுகொண்டு, இன்டர்பெரான் ஆக்கத்தைத் தூண்டுகிறது.

2010-இல் கனடா நாட்டின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காதரின் மேகரும் பிறரும் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்பம் ஆகும். வாத்தினிடம் ரிக்-ஐ மரபணு இருப்பதையும், கோழியினிடம் அது காணப்படாமையையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். வாத்தின் ரிக்-ஐ மரபணுவைக் கோழியின் உயிரணுக்களுள் புகுத்திப் பார்த்தபோது, அவ்வுயிரணுக்கள் வைரஸை உணர்ந்து இன்டர்பெரானைச் சுரந்தன; வைரஸின் பெருக்கமும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. கோழி முற்றிலும் காவலற்றது என்று இதனால் முடிவு செய்தலாகாது. ‘எம்டிஏ-5’ போன்ற வேறு உணர்விகள் அதற்கு உண்டு. ஆயினும் இவ்வைரஸைப் பொறுத்தவரையில் மிகக் கூர்மையான ஒரு காவலாளியை அது இழந்திருக்கிறது.

கொடிய வகை வைரஸ் நுழைந்த வாத்தின் நுரையீரலில் ரிக்-ஐ முதல் நாளிலேயே பன்மடங்காக உயர்ந்து, அடுத்த சில நாட்களிலேயே தணிகிறது. தொடர்ந்து, வைரஸ் உயிரணுவினுள் புகும் வாயிலிலேயே அதனைத் தடுக்கவல்ல ஒருவகைச் சவ்வுப் புரதங்கள் வாத்தின் நுரையீரலிலும் குடலிலும் மிகுவதை 2015-இல் வெளியான மற்றோர் ஆய்வு தெரிவித்தது. கோழியில் அத்தகைய மிகுதி காணப்படவில்லை.

வைரஸும் சும்மா இருப்பதில்லை. என்.எஸ்-1 என்னும் தன் புரதத்தைக் கொண்டு அது உணர்வியின் செய்தியை இடைமறிக்க முயல்கிறது. உணர்வி முந்துகிறதா, வைரஸ் முந்துகிறதா என்பதைப் பொறுத்தே பறவையின் உயிர் நிலைக்கிறது.

அளவறிந்த எதிர்ப்பு

விரைந்து எழுவது மட்டும் போதாது. உரிய வேளையில் அடங்குதலும் வேண்டும். கொடிய வகை வைரஸ் கோழியின் இரத்தக் குழாய்களின் உட்சுவரில் உள்ள உயிரணுக்களிற் பெருகுகிறது. அதனால் குழாய்கள் கசிகின்றன. கொண்டையும் தாடியும் நீலம் பாரித்து வீங்குகின்றன. உள்ளுறுப்புகளில் இரத்தக் கசிவு தோன்றுகிறது. அதனோடு, அழற்சியைத் தூண்டும் பொருள்கள் அளவின்றிச் சுரந்து உடலையே தாக்குகின்றன. இவ்வாறு கோழியின் மரணத்தில் வைரஸுக்கு ஒரு பங்கும், கட்டு மீறிய அழற்சிக்கு ஒரு பங்கும் உண்டு.

வாத்தினிடத்திலோ இரத்தக் குழாய்ச் சுவரில் வைரஸ் அவ்வளவாகப் பெருகுவதில்லை. அழற்சியும் பெரும்பாலும் எல்லைக்குள் நிற்கிறது. மேலும், தொற்றிய வாத்தின் உயிரணுக்கள் விரைவில் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்வதை ஆய்வுக்கூட வளர்ப்புகளில் கண்டுள்ளனர். தீப்பற்றிய குடிசையைப் பிரித்தெறிந்து தெருவைக் காப்பது போன்றது இச்செயல். ஓர் உயிரணு முற்பட்டு அழிவதனால், அதனுள் வைரஸ் முழு அளவிற் பெருகுவது தடைப்படுகிறது.

மென்வகை வைரஸ் குடலில் தங்கும்போது நிலைமை இன்னும் அமைதியானது. அங்கே காவல் முழு வேகத்தில் எழுவதில்லை. குடற்சுவரில் பெருஞ்சேதமும் விளைவதில்லை. பறவை உண்கிறது, பறக்கிறது, வலசை போகிறது; வைரஸும் உடன் செல்கிறது. இரண்டிற்கும் நெடுங்காலப் பழக்கத்தால் ஏற்பட்ட உடன்பாடு என இதனைக் கூறலாம். இவ்வுடன்பாட்டில் வேறோர் ஆபத்தும் அடங்கியுள்ளது. ஒரே வாத்தினுள் இருவகை வைரஸ்கள் சேர்ந்தால், அவற்றின் எட்டுத் துண்டுகளும் இடம் மாறிக் கலந்து புதிய வைரஸ் பிறக்க வழியுண்டு.

இரண்டாம் காவல்

பறவைகளின் எச்சவாய்க்கு அருகில் ‘பர்சா’ என்னும் சிறு பை உண்டு. இத்தாலிய உடற்கூற்று அறிஞர் ஃபேப்ரீசியஸ் பெயரால் வழங்கும் இவ்வுறுப்பின் பயன் நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. 1956-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் புரூஸ் கிளிக்கும் அவருடைய தோழர்களும், பர்சா நீக்கப்பட்ட கோழிகள் எதிர்ப்பொருளை உண்டாக்க இயலாமற் போவதை வெளியிட்டனர். எதிர்ப்பொருளை ஆக்கும் ‘பி’ உயிரணுக்கள் பறவைகளில் முதிர்ச்சி பெறுவது இவ்வுறுப்பிலேதான். இவ்வுயிரணுக்களுக்கு ‘பி’ என்னும் எழுத்து அமைந்ததும் பர்சாவினாலேயே.

எதிர்ப்பொருளின் வடிவத்தைக் கவட்டைக் கோலுக்கு ஒப்பிடலாம். கவட்டின் இரு கிளைகளும் கிருமியைப் பற்றுகின்றன. கைப்பிடிப் பகுதியோ, விழுங்கும் உயிரணுக்களையும் இரத்தத்திலுள்ள துணைப் புரதங்களையும் அழைத்துவரும் வேலையைச் செய்கிறது. பறவைகளின் இரத்தத்தில் முதன்மையாக உள்ள எதிர்ப்பொருள் ஐ.ஜி.ஒய். எனப்படும்.

வாத்துகளும் அவற்றிற்கு இனமான பெருவாத்துகளும் இந்த எதிர்ப்பொருளை இரு வடிவங்களில் ஆக்குகின்றன. ஒன்று முழுமையானது, மற்றொன்று கைப்பிடி பெரிதும் குறைந்துபோனது. ஒரே மரபணுவின் செய்தி இடையில் நிறுத்தப்படுவதால் இக்குறுகிய வடிவம் உண்டாகிறது. தொற்று ஏற்பட்டு நாள் செல்லச் செல்ல, இக்குறுகிய வடிவமே மிகுகிறது. இதற்குக் கிருமியைப் பற்றும் கிளைகள் உண்டு. பிற படைகளை அழைக்கும் பிடி இல்லை. இதனால் வாத்தின் இரண்டாம் காவல் முதற் காவலைப்போல் வலுவுடையதாக அமைவதில்லை. ஒருமுறை நோயுற்றுத் தேறிய வாத்து மீண்டும் தொற்றுக்கு ஆளாவது இயல்பே.

சோதனைச்சாலையில் இதன் விளைவைக் காணலாம். வைரஸ் கோழியின் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று திரளச் செய்யும். இரத்தச் சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் அது இத்திரட்சியைத் தடுக்கும். இத்தடுப்புச் சோதனை கோழிகளிடத்தில் தெளிவான விடை தருகிறது. வாத்தின் சீரமோ, தொற்று நிகழ்ந்திருந்தும், பல வேளைகளில் மிகத் தாழ்ந்த அளவையே காட்டுகிறது. எனவே இச்சோதனையில் ஒன்றும் தென்படவில்லை என்பதைக் கொண்டு வாத்துக் கூட்டம் தொற்றற்றது எனத் தீர்மானித்தல் பிழையாகும்.

அரைகுறைக் காப்பினாலும் ஒரு தொல்லை விளைகிறது. மென்வகைத் தொற்றைப் பெற்றுத் தேறிய மல்லார்ட் என்னும் காட்டு வாத்துகளுக்குப் பின்னர் கொடிய எச்5என்1 வைரஸைச் செலுத்திப் பார்த்தனர். அவை இறவாமல் நோய்க்குறியின்றி இருந்தன. எனினும் வைரஸை வெளிவிட்டன. உயிரைக் காக்கும் காப்பு வேறு. வைரஸை அறவே ஒழிக்கும் காப்பு வேறு என்பதை இதனால் உணரலாம்.

நீர்ப்பறவைகள் யாவும் ஒரு தன்மையன அல்ல

மேற்கூறியவற்றை எல்லா நீர்ப்பறவைக்கும் எல்லா வைரஸுக்கும் பொதுவாகக் கொள்ளலாகாது. 1996-இல் சீனத்தின் குவாங்டங் மாகாணத்தில் ஒரு பெருவாத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட எச்5என்1 வழிவந்த வைரஸ்கள், 2002-இன் இறுதியில் ஹாங்காங் பூங்காக்களில் நீர்ப்பறவைகளையே கொன்றன. 2005-இல் சீனத்தின் சிங்காய் ஏரியில் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் மடிந்தன. அவற்றுள் பெரும்பாலானவை வரித்தலை வாத்துகள். அன்னங்களும் இந்நோய்க்கு எளிதில் இரையாகின்றன. ஆஸ்திரேலியாவின் கறுப்பு அன்னத்தினிடம் வைரஸை உணரும் கருவிகளுள் ஒன்று உரிய இடத்தில் செயற்படாமையை 2023-இல் வெளியான மரபணு ஆய்வு சுட்டியது. வளர்ப்பு வாத்துகளிலும், மணிலா வாத்து என்னும் மஸ்கோவி இனம் பிற இனங்களைவிட நலிவது மிகுதி. வயதும் கருதத்தக்கது: இளங்குஞ்சுகள் முதிர்ந்த வாத்துகளைக் காட்டிலும் எளிதில் மாள்கின்றன.

இந்தியாவில் நேர்ந்தவை

நம் நாட்டில் கொடிய பறவைக் காய்ச்சல் முதலில் உறுதிப்படுத்தப்பட்டது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிர மாநிலம் நந்தூர்பார் மாவட்டத்து நவாப்பூர்க் கோழிப் பண்ணைகளில். 2014 நவம்பரில் கேரளத்தின் குட்டநாட்டுப் பகுதியில் வாத்துகளிடையே எச்5என்1 தோன்றிப் பேரிழப்பை உண்டாக்கியது. அங்கு 2016-இலும் 2021-இலும் எச்5என்8 காணப்பட்டது. 2020 டிசம்பர் இறுதியில் இமாசலப் பிரதேசத்தின் பாங் அணை நீர்த்தேக்கத்தில் வலசை வந்த பறவைகள் மடியலாயின. ஆயிரத்துக்கு மேல் மாண்ட அப்பறவைகளுள் வரித்தலை வாத்துகளே மிகுதி. நடு ஆசியாவில் குஞ்சு பொரித்து இந்தியாவில் குளிர்காலத்தைக் கழிக்கும் இப்பறவைகளுள் சில, திருநெல்வேலி மாவட்டக் கூந்தன்குளம் வரை வருகின்றன.

அறுவடை முடிந்த நெல்வயல்களில் வாத்துகளை மேய்த்துச் செல்லும் முறை நம் தென்மாநிலங்களில் பழமையானது. சிந்திய நெல்லும், நத்தையும், பூச்சியும் வாத்துக்கு உணவாகின்றன. வயலுக்கு எரு கிடைக்கிறது. ஆனால் அதே வயலில் வலசைப் பறவைகளும் இறங்குகின்றன. மேய்ச்சற் கூட்டமோ ஊர்விட்டு ஊர் செல்கிறது. 2004-இல் தாய்லாந்தில் நோய் பரவிய வகையை ஆராய்ந்தவர்கள், மேய்ச்சல் வாத்துகள் மிகுந்த நெற்பகுதிகளில் நோய் நிலைத்திருந்ததைக் கண்டனர். வாத்து வளர்ப்போரைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. நோய் புலப்படாத பறவையைக் கொண்டு அவர்கள் ஏமாறுவது இயல்பே. முன்னெச்சரிக்கை கூறுவது நம் கடமை.

கள அலுவலர் கவனத்திற்கு

1. வாத்து இறக்கவில்லை என்பது வைரஸ் இல்லை என்பதற்குச் சான்றாகாது. அருகிலுள்ள கோழிகள் திடீரென மடிந்தால், அவ்விடத்து வாத்துகளையும் ஐயத்திற்குரியனவாகக் கொள்க.

2. வாத்துகளில் கண்ணில் வெண்படலம், தள்ளாட்டம், கழுத்துத் திருகல், முட்டை திடீரெனக் குறைதல் ஆகியவை தோன்றினால் உடனே மேலலுவலர்க்குத் தெரிவிக்க.

3. மாதிரி எடுக்கும்போது தொண்டை, எச்சவாய் ஆகிய இரண்டிலிருந்தும் பஞ்சுக் குச்சியால் எடுத்தல் வேண்டும். மென்வகை வைரஸ் குடலில் மிகுதி. அண்மைக் காலக் கொடிய வகைகள் பலவற்றில் தொண்டையில் மிகுதி. சீரத்தை மட்டும் நம்புதல் கூடாது.

4. மாதிரிகளை உரிய ஊடகத்தில் இட்டுக் குளிர்நிலையில் அனுப்புக. உறுதி செய்யும் தேசிய ஆய்வுக்கூடம் போபாலில் உள்ளது.

5. கையுறை, முகமூடி, கண்காப்பு இன்றி நோயுற்ற அல்லது இறந்த பறவையைத் தொடற்க. 1997-இல் ஹாங்காங்கில் எச்5என்1 தொற்றிய 18 பேருள் 6 பேர் இறந்தனர் என்பதை மறத்தலாகாது.

6. கோழியையும் வாத்தையும் தனித்தனியே வளர்க்கவும், ஏரி நீரை நேரே பண்ணைக்குப் பயன்படுத்தாதிருக்கவும் அறிவுறுத்துக. சோப்பும் கிருமிநாசினியும் வைரஸை அழிக்கும். உள்வரை 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வெந்த இறைச்சியாலும் முட்டையாலும் தொற்று ஏற்படாது. வீண் அச்சத்தை நீக்குக.

தடுப்பூசி பற்றியும் வளர்ப்போர் கேட்பதுண்டு. பிரான்ஸ் நாடு 2023 அக்டோபர் முதல் பண்ணை வாத்துகளுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. ஆயினும் ஊசி போடப்பட்ட கூட்டத்தில் வைரஸ் மறைவாக உலவுகிறதா என்று இடைவிடாது சோதித்தல் அங்கும் உடன் நடைபெறுகிறது. வாத்தின் எதிர்ப்பொருள் இயல்பை மேலே கண்ட வாசகர்க்கு இதன் காரணம் விளங்கும்.

ஆசிரியர் கவனத்திற்கு

“நோய்க்குறி இல்லை” என்பதும் “கிருமி இல்லை” என்பதும் ஒன்றல்ல என்னும் கருத்தை மாணவர் மனத்திற் பதிக்க வாத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. கரும்பலகையில் இரு பத்திகள் வரைந்து, கோழியையும் வாத்தையும் முதற் காவல், அழற்சி, எதிர்ப்பொருள், வைரஸ் வெளிப்பாடு ஆகிய நான்கு தலைப்புகளில் மாணவரைக் கொண்டே ஒப்பிடச் செய்யலாம். கீழ்க்காணும் வினாக்கள் பயிற்சிக்கு உதவும்.

அ. மென்வகை வைரஸ் குடலோடு நிற்பதற்கும், கொடிய வகை உடலெங்கும் பரவுவதற்கும் காரணம் யாது?

ஆ. வாத்தின் ரிக்-ஐ மரபணுவைக் கோழி உயிரணுவில் புகுத்திய சோதனை எதனை மெய்ப்பித்தது? எதனை மெய்ப்பிக்கவில்லை?

இ. கைப்பிடி குறைந்த எதிர்ப்பொருளால் வாத்திற்கு நேரும் குறை என்ன?

ஈ. ஒரு சிற்றூரில் கோழிகள் மடிகின்றன. குளத்து வாத்துகள் நலமாக உள்ளன. வாத்துகளைச் சோதிக்க வேண்டுமா? காரணம் கூறுக.